யானை மேல் வந்த பிரேக்கிங் நியூஸ்

தமிழர்களின் முதல் பிரேக்கிங் நியூஸ் யானை மேல் வந்தது. மணிமேகலையை நம்பினால், புகார் நகரத்தில் இந்திர விழா நடத்துவதென்று மேலிடம் முடிவு செய்ததும், வச்சிரக் கோட்டத்து முரசைத் தூக்கி யானையின் பிடரியில் கட்டி, அறிவிப்பாளர் ஒருவரையும் ஏற்றி ஊருக்குள் அனுப்பினார்கள். ஏறியவர் நேராக விஷயத்துக்கு வந்துவிடவில்லை. முதலில் ஊர் வாழ்க. பிறகு மழை பெய்க. பிறகு மன்னனின் செங்கோல் கோணாமல் இருக்க. இவ்வளவும் முடிந்த பிறகுதான் செய்தி: 28 நாள் விழா, தெருவில் பழைய மணலை அள்ளிப் புது மணல் போடுங்கள், தோரணம் கட்டுங்கள், வாதம் பண்ண ஆசைப்படுகிறவர்கள் பட்டிமண்டபம் ஏறுங்கள், பிடிக்காதவனைப் பார்த்தாலும் சண்டை போடாமல் ஒதுங்கிப் போங்கள்.

கடைசி வேண்டுகோளை இன்றைக்கு எந்த யூடியூப் வீடியோவின் அடியிலும் எழுதி வைக்கலாம். பலன் அன்றைக்கு இருந்ததைவிடக் கூடுதலாக இருக்காது.

யானை சும்மா விரட்டினால் ஓடாது. அது அசைந்து அசைந்து மருவூர்ப்பாக்கத்தில் ஆரம்பித்துப் பட்டினப்பாக்கம் போய்ச் சேர்வதற்குள், சொன்னதில் தப்பு இருந்தால் அரண்மனையிலிருந்து ஆள் ஓடி வந்து, "ஐயா, 28 இல்லை, 27" என்று காதைக் கடிக்க நேரம் இருந்தது. நம் ஊர்ச் செய்தியின் சரித்திரம் முழுக்க, இந்த யானையின் வேகத்தை எப்படிக் கூட்டுவது என்கிற ஒரே கவலைதான். முரசு போய்க் காகிதம் வந்தது, காகிதம் போதாமல் ரேடியோ வந்தது, டிவி வந்தது. கடைசியில் 1995-இல் சங்கிலியை அவிழ்த்துவிட்டார்கள்.

அதற்கு முன் ராஜராஜ சோழன். கோயில் கட்டினார், நிலம் அளந்தார் என்றெல்லாம் பாடப்புத்தகம் சொல்லும். விளம்பரத் துறையில் அவர் பண்ணிய புரட்சியைச் சொல்லாது. கல்வெட்டுக்கு முன்னால் மெய்க்கீர்த்தி போடுகிற வழக்கத்தை நிலைநிறுத்தியவர் அவர்தான். காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, கங்கபாடி, ஈழ மண்டலம் என்று ஜெயித்த ஊர்களின் பட்டியல் முதலில் வரும். எல்லாம் வாசித்து முடித்த பிறகுதான், யாரோ ஒரு புண்ணியவான் கோயில் விளக்குக்கு நெய் வார்க்க 96 ஆடு கொடுத்த சமாசாரம் கண்ணில் படும். செய்தி இரண்டு வரி. அதற்கு முன்னால் தாண்டிப்போக முடியாத விளம்பரம் எட்டு வரி. ஸ்கிப் பொத்தானைக் கல்லில் எங்கே வைப்பது? புதிதாக ஒரு நாட்டைப் பிடித்தால் அடுத்த கல்வெட்டில் விளம்பரம் இன்னும் கொஞ்சம் நீளும். ஆடுகள் மட்டும் அதே 96.

அந்தக் காலத்துக் க்ரைம் ரிப்போர்ட்டிங்குக்கும் ஒரு சாம்பிள் கிடைத்திருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையாகிறான். பட்டத்து இளவரசன். நாடே ஆடிப்போயிருக்கும். ஆனால் சுவரில் இருக்கிற செய்தி ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது சம்பவம் நடந்து பதினைந்து வருஷத்துக்கும் மேல் கழித்து வெட்டியது. அதிலும் தலைப்புச் செய்தி கொலை இல்லை, நிலம். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய துரோகிகளின் சொந்தபந்தங்களுடைய சொத்தைப் பறித்து விற்ற கணக்கு. எங்கே குத்தினார்கள், யார் ஏவினார்கள், எதற்காக, ஒரு வார்த்தை கிடையாது. பத்திரப் பதிவு ஆபீஸ் குமாஸ்தா எழுதிய புலனாய்வுக் கட்டுரை அது.

இந்த ஒன்றரைத் தகவலை வைத்துக்கொண்டு தமிழர்கள் ஆயிரம் வருஷமாக அடித்துக்கொள்கிறோம். கொன்றது பாண்டிய ஆபத்துதவியா, உத்தம சோழனா, வேறு யாராவதா என்று கல்கி ரசிகர்கள் ஒரு பக்கம், வரலாற்றுப் பேராசிரியர்கள் ஒரு பக்கம், யூடியூப் சேனல்கள் ஒன்பது பக்கம். செய்தி நிதானமாக வந்தால் வதந்தி தானாக அடங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் உடையார்குடிக்கு ஒரு நடை போய் வரலாம். நல்ல கோயில்.

யானை கொஞ்சம் வேகம் பிடித்தது 1878-இல். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக முத்துசாமி ஐயரைப் போட்டார்கள். வெள்ளைக்காரப் பத்திரிகைகளுக்கு வயிறு எரிந்தது, எழுதித் தள்ளின. திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்களுக்குப் பதில் கொடுத்தே ஆகவேண்டும் என்று கை அரித்தது. அன்றைக்கு ஒரு கமென்ட் போடுவதற்கு இருந்த ஒரே வழி, சொந்தமாகப் பத்திரிகை ஆரம்பிப்பது. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்து, செப்டம்பர் 20-ஆம் தேதி வெளியிட்டார்கள். அதுதான் தி ஹிந்து. அதுவும் வாரம் ஒரு தடவைதான். இதழ் வெளியான மறுநாள் கோபம் வந்தால் ஆறு நாள் அடக்கி வைத்திருக்க வேண்டும். அதற்குள் கோபம் குளித்து, திருநீறோ திருமண்ணோ இட்டு, இலக்கணம் பார்த்துக்கொண்டு வெளியே வரும். தினமும் கோபப்படலாம் என்று அவர்களுக்குத் தைரியம் வர இன்னும் பதினோரு வருஷம் ஆயிற்று. அந்த ஆறு பேரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், இங்கிலீஷில் திட்டினால் துரைக்கு மட்டும்தான் உறைக்கிறது என்று பார்த்து, 1882-இல் சுதேசமித்திரனைத் தமிழில் தொடங்கினார்.

கனவான்கள் இப்படித் தலையங்கம் தீட்டிக்கொண்டிருக்க, சென்னை குஜிலி பஜாரில் வேறொரு கோஷ்டி நிஜமான வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தது. மட்டமான காகிதம், எட்டுப் பக்கம், காலணா அரையணா விலை. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, தாது வருஷத்துப் பஞ்சக் கும்மி. எழுதியவரோ விற்பவரோ சந்தையிலும் ரயிலடியிலும் நின்று பாடுவார். கேட்டு நின்றவன் மீதியைத் தெரிந்துகொள்ளக் காசை எடுத்தாக வேண்டும். கற்பழிந்த மனைவி, கழுத்தறுத்த கணவன், நகைக்காகக் குழந்தையை என்று தலைப்பிலேயே பாதி ரத்தம் சொட்டும். இன்றைய யூடியூப் தம்ப்நெயிலில் சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் போடுகிற தம்பிகளுக்கு முப்பாட்டன் முறை இவர்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தச் சரக்கையெல்லாம் தேடிப்பிடித்து 'முச்சந்தி இலக்கியம்' என்று புத்தகமாகவே போட்டார். புலவர் பெருமக்கள் தீண்டாத சாக்கடை என்று ஒதுக்கிய அந்தக் காகிதங்கள்தான் இன்று ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தங்கம். இன்றைய ரீல்ஸ் குப்பைக்கும் 2120-இல் ஒரு முனைவர் பட்டம் காத்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

குஜிலிக்காரர்களுக்கு லாட்டரி அடித்த வருஷம் 1914. செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டது. முழு வேலையும் அரை மணி நேரத்துக்குள். நூற்றுச் சொச்சம் குண்டு. தொட்டி எரிந்தது, ஆட்கள் சிலர் செத்தார்கள், உயர் நீதிமன்றச் சுவரில் ஒரு குண்டு பட்டது, கப்பல் விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டது.

கப்பல்தான் போயிற்று. வதந்தி நங்கூரம் போட்டுவிட்டது. நாளை திரும்பி வருகிறான், அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறான், ஜெர்மன்காரன் பட்டாளத்தை இறக்குகிறான் என்று ஆளுக்கொரு தேதி. பெட்டி படுக்கையோடு ஊரைக் காலி பண்ணிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினது பெரிய கூட்டம். செல்போன் இல்லை, டவர் இல்லை, டேட்டா பேக் இல்லை. ஆனாலும் செய்தி மயிலாப்பூரிலிருந்து கும்பகோணத்துக்கு மூச்சு வாங்காமல் போய்ச் சேர்ந்தது. கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் கோயில்கள் மேல் குண்டு விழாமல் பார்த்துக்கொண்டார் என்று பிறகு ஒரு கிளைக்கதை முளைத்தது. அவர் கப்பலில் இருந்ததற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. நூறு வருஷத்துக்கு முன் வாயால் ஃபார்வர்டு ஆன அந்தக் கதை இப்போது வாட்ஸ்அப்பில் தேசியக்கொடி படத்தோடு சௌக்கியமாகச் சுற்றுகிறது. ஆகவே, பொய்ச் செய்தியை இன்டர்நெட் கண்டுபிடித்தது என்று யாராவது மேடையில் பேசினால், அவருக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்து உட்காரவையுங்கள்.

இன்டர்நெட் உண்மையில் எதைத் தின்றது என்று பார்க்க 1928-க்கு வர வேண்டும். எஸ். எஸ். வாசன் என்ற இளைஞர், நொடித்துப்போன ஒரு பத்திரிகையின் பெயரை விலை பேசுகிறார். எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் கணக்கு. 'ஆனந்த விகடன்' எட்டு எழுத்து. ஆக இருநூறு ரூபாய் என்று சொல்வார்கள். டொமைன் நேம் வாங்குவது எப்படி என்று உலகத்துக்கு அன்றைக்கே பாடம் எடுத்துவிட்டார். அவரும் அவரிடம் ஆசிரியராக இருந்த கல்கியும் சேர்ந்து கண்டுபிடித்த சரக்கு, செய்தியும் இல்லை, கதையும் இல்லை. காத்திருப்பு. 'தொடரும்' என்ற ஒற்றை வார்த்தையை அச்சடித்து, அதற்கு வாரா வாரம் காசு வாங்கினார்கள்.

கல்கி தனிக்கடை போட்ட பிறகு இந்த வியாபாரம் உச்சிக்குப் போயிற்று. 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடரில் வந்தியத்தேவனைக் குதிரை மேல் ஏற்றி வீராணம் ஏரிக்கரையில் விட்டவர், 1954 வரை கீழே இறக்கவில்லை. மூன்றரை வருஷம். அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் ஒரு பிரதி வந்தால் முதலில் தாத்தா, அப்புறம் அப்பா, சமையல் முடித்து அம்மா, கடைசியில் அட்டை கிழிந்த நிலையில் பிள்ளைகள். முந்திப் படித்தவன் முடிச்சை அவிழ்த்துவிட்டால் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை கிடையாது. படகில் போன பூங்குழலி கரைக்கு வந்தாளா என்று ஏழு நாள் யோசித்தவன், அந்த ஏழு நாளில் கல்கி எழுதாத பத்து அத்தியாயத்தைத் தானே எழுதியிருப்பான். கதை முடிந்த பிறகும் விடவில்லை. அவன் என்ன ஆனான், இவள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று கடுதாசி குவிந்தது. கல்கி ஒரு முடிவுரை எழுதி வரிசையாகப் பதில் சொன்னார். சொல்லவேண்டியதை மட்டும் சொன்னார். கரிகாலன் விஷயத்தில் மட்டும் கடைசிவரை நழுவினார். உடையார்குடி குமாஸ்தா அவருக்குத் தூரத்து உறவாக இருக்க வேண்டும்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு வேறு கடை இருந்தது. லட்சுமிகாந்தன் என்று ஒருவர், 1943-இல் 'சினிமா தூது' என்று ஒரு மஞ்சள் பத்திரிகை. எந்த நடிகர் எந்த நடிகையோடு என்பதைத் தவிர வேறு உலக விவகாரம் அதில் கிடையாது. நட்சத்திரங்கள் கவர்னரிடம் மனுக் கொடுத்து லைசென்ஸைப் பிடுங்கவைத்தார்கள். அவர் 'இந்து நேசன்' என்று வேறு போர்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு அக்கவுண்டை முடக்கினால் ஐந்தே நிமிஷத்தில் இன்னொரு அக்கவுண்டில் வருகிறார்களே, அதே டெக்னிக். 1944 நவம்பரில் அவரை வேப்பேரியில் குத்திவிட்டார்கள், மறுநாள் இறந்துபோனார். தியாகராஜ பாகவதரையும் என். எஸ். கிருஷ்ணனையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்தத் தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது, கதாநாயகன் ஜெயிலில். பிரிவி கவுன்சில் வரை போய் 1947-இல் இரண்டு பேரும் நிரபராதிகளாக வெளியே வந்தார்கள். பாகவதரின் மார்க்கெட் மட்டும் வெளியே வரவில்லை. தீர்ப்பு வருவதற்கு முன் ஊர் தீர்ப்பு சொல்லிவிட்டிருந்தது. ஊருக்கு அப்பீல் கிடையாது.

சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தினத்தந்தி ஆரம்பித்ததும், செய்தி முதல் முறையாகக் கனவான்களின் கூடத்திலிருந்து இறங்கி டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. லண்டனில் பாரிஸ்டர் படிக்கப் போனவர், அங்கே சாமானியன் படித்த டெய்லி மிரரைப் பார்த்து வைத்துக்கொண்டு வந்தார். டீக்கடையில் ஒரு பேப்பர் வாங்கினால் பத்து நிமிஷத்தில் ஒரு பேப்பர் ஆறு பேப்பர் ஆகிவிடும். முதல் தாள் பனியன் போட்ட பெரியவரிடம், விளையாட்டுப் பக்கம் கண்டக்டரிடம், சினிமா விளம்பரம் கல்லூரிப் பையனிடம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டு, "சத்தமா படிப்பா" என்பார். கள்ளக்காதல் செய்தியின் மீதி ஆறாம் பக்கத்தில் என்று இருக்கும். ஆறாம் பக்கம் கண்டக்டரோடு பஸ் ஏறிப் போயிருக்கும்.

பெட்டிக்கடையில் தொங்குகிற மாலைப் பத்திரிகை போஸ்டர் தனிக் கலை. 'பிரபல நடிகர் திடீர் மரணம்' என்று முழ நீள எழுத்து. பதறிப்போய்க் காசைக் கொடுத்து வாங்கினால், உள்ளே அவர் புதுப்படத்தில் மூன்றாவது ரீலில் செத்துப்போகிறார் என்றிருக்கும். கேள்விக்குறி ஒன்றும் போட்டிருப்பார்கள், பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். க்ளிக்பெய்ட் என்று இதற்கு நாகரிகமான பெயர் வைத்தது பின்னாளில் வந்தவர்கள். போஸ்டர்காரனிடம் ஒரே ஒரு நல்ல குணம், ஏமாந்தவன் திரும்பி வந்து திட்டுவதற்கு எதிரே ஒரு முகம் இருந்தது. பெட்டிக்கடை அண்ணாச்சி வெற்றிலையை மென்றபடி அத்தனையும் வாங்கிக்கொள்வார்.

ரேடியோ, தூர்தர்ஷன் காலத்தை வேகமாகத் தாண்டிவிடலாம்; அவர்களே செய்தியை வேகமாகச் சொன்னவர்கள் இல்லை. 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பிபிசி சொல்லி ஊர் முழுக்கத் தெரிந்த மரணத்தை ஆகாசவாணி ஒப்புக்கொள்ளச் சாயங்காலம் ஆயிற்று. அதே வருஷக் கடைசியில் எம்ஜிஆர் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார். அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்குச் சாட்சியாக, ஆஸ்பத்திரியில் எடுத்த படம் தமிழ்நாடு முழுக்க ஓடியது. ஒரு வீடியோ பட்டிதொட்டியெல்லாம் பரவித் தேர்தல் முடிவையே புரட்டிப் போட்டதை முதலில் பார்த்தவர்கள் நாம். யூடியூப் அதற்கு இருபத்தொரு வருஷம் கழித்துத்தான் வந்தது. பிறகு 1990-இல் 'பூமாலை' என்று மாதம் ஒரு முறை வீடியோ கேசட்டில் செய்தி வந்தது, அதை நடத்தியவர்களே 1993 சித்திரை முதல் நாளில் சன் டிவி ஆரம்பித்தார்கள். 2000-இல் வீரப்பன் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியபோது, 108 நாள் இரண்டு மாநில அரசுகளும் காட்டிலிருந்து கேசட் வருமா வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. செய்தி எடுக்கப் போன நக்கீரன் கோபால் தூதராகிக் கடைசியில் தானே செய்தியானார். அத்தனை டிவி சேனல் இருந்தும், யார் பேசவேண்டும், எப்போது பேசவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் கரண்டே இல்லாத இடத்தில் இருந்தார்.

இதற்கிடையில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. திறந்தது என்றால், மோடம் கீச்சிட்டு, இரைந்து, தொண்டையைச் செருமி, பிறகு லைன் கட்டாகும். அந்த அர்த்தத்தில் திறந்தது. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா ஹிந்து அதே வருஷம் இணையத்தில் ஏறிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றினார். தமிழ் ஏறிவிட்டது என்று கைதட்டியவர்களுக்கு உடனே அடுத்த சோதனை: எழுத்துரு.

ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஒரு ஃபான்ட் வைத்துக்கொண்டது. தினமலர் படிக்க ஒன்று, விகடன் படிக்க ஒன்று, குமுதம் படிக்க இன்னொன்று. இறக்கி வைத்துக்கொள்ளாதவன் கண்ணுக்கு, முதலமைச்சரின் அறிக்கை ஐரோப்பிய மொழிகளின் கொம்பு முளைத்த எழுத்தும் பவுண்டு குறியும் கலந்த கஷாயமாகத் தெரியும். அறிக்கை சில நாள் அதில் இன்னும் தெளிவாக இருந்தது என்று சொன்ன குறும்பர்களும் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 என்று மாநாடு கூட்டி ஒரு விசைப்பலகையையும் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும் அரசு அறிவித்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் டிஸ்கியில் இருந்தார்கள். உலகம் யூனிகோடுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று சங்கம் கண்ட இனம் நாலு குறியீடு காண்பதில் வியப்பில்லை. கடைசியில் யூனிகோடு ஜெயித்தபோது, அதற்கு முன் எழுதிக் குவித்த இணையப் பக்கங்கள் பெரும்பாலும் கஷாயமாகவே செத்துப்போயின. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் 96 ஆடு கொடுத்தவனின் பெயரை இன்றும் தஞ்சாவூரில் தடவிப் படிக்கலாம். 1998-இல் இணையத்தில் வந்த ஒரு தலையங்கத்தைப் படிக்க முடியுமா என்று பாருங்கள்.

பத்திரிகைகள் இதைப் பார்த்துச் சிரித்தன. இது எங்கே நம்மைத் தொடப்போகிறது என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அடி விழுந்தது தலையங்கப் பக்கத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரன் தேடும் பக்கத்தில். பத்திரிகைத் தொழிலின் பரம ரகசியம் இதுதான். வாசகன் கொடுக்கிற காசு காகிதத்துக்கே காணாது. வியட்நாம் போரையும் எமர்ஜென்சியையும் விண்வெளிப் பயணத்தையும் நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து போட்டதில் பெரிய பங்கு, 'பாரத்வாஜம், உத்திரட்டாதி, 27, சிவப்பு, எம்.காம்., வங்கி வேலை, அமெரிக்க வரன் விரும்பத்தக்கது' என்று வரிக்கு இவ்வளவு என்று கட்டிய மாமாக்களின் காசு. காசை மிச்சம் பிடிக்க உயிரெழுத்தையெல்லாம் வெட்டி எழுதுவார்கள். படித்துப் புரிந்துகொள்ளத் தனித் திறமை வேண்டும்.

1997-இல் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த முருகவேல் ஜானகிராமன், தமிழர்களுக்காக ஒரு இணையதளம் நடத்தினார். பஞ்சாங்கம், பண்டிகை நாள் என்று நல்ல விஷயமாகப் போட்டுவைத்தார். ஜனங்கள் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மூலையில் இருந்த வரன் பகுதிக்குள் மட்டும் முண்டியடித்தார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. அது வளர்ந்து பாரத் மேட்ரிமோனி ஆயிற்று. மாமாக்கள் பேனாவை மூடிவிட்டு மௌஸைப் பிடித்தார்கள். வரனைத் தொடர்ந்து வாடகை வீடும் போயிற்று, பழைய ஸ்கூட்டரும் போயிற்று, 'ஆட்கள் தேவை'யும் போயிற்று. கூகுளும் ஃபேஸ்புக்கும் மிச்சமிருந்த விளம்பரத்தை வழித்து எடுத்துக்கொண்டன. ஜனநாயகத்தின் நான்காவது தூணைத் தாங்கிப்பிடித்தது ஜாதகக் கட்டு என்பது அந்தத் தூண் ஆட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

2015 டிசம்பர் 2. சென்னையில் வெள்ளம். மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாததால் அன்று ஹிந்து சென்னையில் வரவில்லை. 1878-க்குப் பிறகு இப்படி நடந்ததே இல்லை என்று அவர்களே சொன்னார்கள். எம்டன் குண்டு போட்டபோதும் நிற்காத பத்திரிகை அடையாற்றுத் தண்ணீருக்கு நின்றது. அந்த நாட்களில் ஊரை நடத்தியது ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும்தான். எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர், எந்த மாடியில் கர்ப்பிணிப் பெண், எந்த வீட்டில் சாப்பாடு தயார் என்று முகம் தெரியாத பிள்ளைகள் பட்டியல் போட்டு ஆள் அனுப்பினார்கள். இதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். எந்த ஆசிரியர் குழுவும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

அதே வாட்ஸ்அப்தான், வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து நீந்தி வருகின்றன என்றும் சொன்னது. பண்ணைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு மறுத்தார்கள்: எங்கள் முதலைகள் எங்களிடமே இருக்கின்றன, அத்தனையும் பத்திரம். நாசா எச்சரிக்கை என்று இன்னொன்று. 250 சென்டிமீட்டர் மழை வரப்போகிறதாம். எம்டன் நாளை வருகிறான் என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா, ரத்தம் போகுமா?

அடுத்த வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை அள்ளி வீசியது. நவம்பரில் பணமதிப்பிழப்பு. புது 2,000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, பூமிக்குள் புதைத்தாலும் சாட்டிலைட் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு செய்தி. டிவி சேனல்களே வாயைப் பிளந்து சொன்னன. எந்தக் குடும்ப குரூப்பிலும் அப்போது நடந்திருக்கக்கூடிய உரையாடல்:

"பெரியப்பா, சிப் கிப் ஒண்ணும் கிடையாதாம். கவர்ன்மென்டே மறுத்துட்டாங்க."

"கவர்ன்மென்ட் ஒத்துக்குமாடா? ஒத்துக்கிட்டா திருடன் உஷாராயிட மாட்டானா?"

"இல்ல பெரியப்பா, நிஜமாவே பொய்."

"பொய்யாவே இருக்கட்டும். கருத்து நல்ல கருத்துதானே? நான் வந்ததை அப்படியே அனுப்பினேன். சாப்ட்டியா?"

இந்த வாதத்தை உலகத்தின் எந்தச் சரிபார்ப்பு நிறுவனமும் ஜெயிக்க முடியாது. பெரியப்பா பொய் சொல்லவில்லை, பாருங்கள். அவர் பாசத்தைத்தான் அனுப்பினார். அது சிப் ரூபத்தில் போயிற்று. பழைய பத்திரிகை ஆபீஸில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு துணையாசிரியர் இருப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டெலிபிரின்டர் காகிதத்தைக் கிழித்து, "இது யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது? போன் போடு" என்று நிருபரின் தூக்கத்தைக் கெடுத்து, பதில் வராவிட்டால் கம்பியில் குத்திவைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். மறுநாள் பேப்பரில் அந்தச் செய்தி இருக்காது. ஆயிரக்கணக்கான பொய்கள் அந்தக் கம்பியில் செத்துக் கிடந்தன. அந்த மனிதருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது அவருடைய அறிவு இல்லை. காலைவரை பேப்பர் வராது என்கிற ஒரே வசதி. இன்டர்நெட் தின்றது அந்த ஒரு ராத்திரியைத்தான்.

2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் என்று ஒரு வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தபோது, குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். திருவண்ணாமலை மாவட்டத்தில் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். இந்தியாவின் வேறு பல ஊர்களிலும் அந்த வருஷம் இதே நடந்தது.

அரசு நெருக்கியதும் வாட்ஸ்அப் ஜூலையில் ஒரு காரியம் செய்தது. பொய்ச் செய்தியை அடையாளம் காண்பது எப்படி என்று பத்து யோசனை சொல்லி முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. எங்கே? செய்தித்தாளில். காகிதத்தில், மையில், அச்சடித்து. உலகத்தின் அத்தனை செல்போனுக்குள்ளும் நொடியில் நுழையத் தெரிந்த கம்பெனிக்கு, நாலு பேர் நம்பும்படி ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றதும் திருவல்லிக்கேணி ஞாபகம் வந்துவிட்டது. விளம்பர வருமானம் செத்துக்கொண்டிருந்த பத்திரிகைகள் காசை எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டன. கூடவே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி பூட்டும் போட்டார்கள். பெரியப்பா ஐந்து ஐந்தாக எட்டு தடவை அனுப்பக் கற்றுக்கொண்டார்.

கதைகளின் கதி வேறு. கல்கியின் எழுத்தை அரசு நாட்டுடைமை ஆக்கிய பிறகு பொன்னியின் செல்வன் இணையமெங்கும் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. மூன்றரை வருஷம் ஊரைக் காக்கவைத்த கதையைச் சனி, ஞாயிறில் முடித்துவிட்டு, 'ஆரம்பம் கொஞ்சம் ஸ்லோ' என்று விமர்சனம் போடலாம். படிக்கவும் நேரமில்லாதவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் முழுக்கதை சொல்லும் வீடியோ இருக்கிறது. அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கிறார்கள். குந்தவை கிசுகிசுப்பதுகூட கிரிக்கெட் கமென்ட்ரி போல இருக்கும். அந்தக் கதையைப் பெற்றுப்போட்ட கல்கி பத்திரிகை 2020-இல் கொரோனா நேரத்தில் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. எதிர்த்திசையில், பிரதிலிபி மாதிரிச் செயலிகளில் இல்லத்தரசிகளும் ஐடி பிள்ளைகளும் அத்தியாயம் அத்தியாயமாகத் தொடர்கதை எழுதுகிறார்கள். 'அவனைக் கொன்னுடாதீங்க அக்கா' என்று வாசகி கெஞ்சினால், அடுத்த அத்தியாயத்தில் அவன் ஐசியூவிலிருந்து எழுந்துவிடுகிறான். குமுதம் ஆசிரியர் எஸ்.ஏ.பி.யோ விகடன் வாசனோ பார்த்திருந்தால் உச்சுக்கொட்டியிருப்பார்கள், பிறகு உடனே பங்கு வாங்கியிருப்பார்கள்.

இந்த அமளி எதிலும் கலந்துகொள்ளாத ஒரே ஆள் சிந்துபாத். தினத்தந்தியில் 1960-இல் கன்னித்தீவு தொடங்கியது. மந்திரவாதி மூசா, லைலா இளவரசியைச் சின்னஞ்சிறு உருவமாகச் சுருக்கிவிட்டான். அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர சிந்துபாத் புறப்பட்டார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டம். ஒரு பூதத்தை வெட்டக் கத்தியை ஓங்கினால் கத்தி இறங்குவதற்கு வாரம் ஆகும். அவர் கிளம்பிய பிறகு மனிதன் நிலாவுக்குப் போய்த் திரும்பினான், தபால் ஆபீஸ் தந்திச் சேவையை இழுத்து மூடினார்கள், மோடம் கீச்சிட்டு ஓய்ந்தது, எழுத்துருச் சண்டை தீர்ந்தது. அவர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். இப்போது அதை செல்போனிலும் படிக்கலாம். அங்கேயும் நாளைக்கு என்ன ஆகும் என்று நாளைக்குத்தான் தெரியும்.